கம்ப்யூட்டருக்குக் கட்டிய பச்சை அட்டை

2005 மே 15, ஞாயிற்றுக்கிழமை. இரும்புலியூரில் எங்கள் வீட்டு ஞாயிறுகள் ஒரே மாதிரிதான் தொடங்கும். அப்பா சவரம் செய்துகொள்வார், அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், தெருமுனைக் கடையில் இட்லி மாவு வாங்கி வருவது என் வேலை. அன்றும் அதெல்லாம் முறைப்படி நடந்தது. கூடுதலாக, முன்னறை மேசையில் அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் பரீட்சை இருந்தது.

அப்பா மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகர். தேறிய பாகத்துக்குப் பச்சை அட்டையும் தேறாததற்குச் சிவப்பு அட்டையும் கட்டுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ரிப்பேராகித் திரும்பிய மிக்ஸியில் பச்சை அட்டை தொங்கிய பிறகுதான் அம்மா சட்னி அரைக்கலாம். என் புதுக் குடைக்குச் சிவப்பு அட்டை கட்டி, அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணன் பிளஸ் டூ எழுதியிருந்தான். ஹார்டுவேர் படிக்க ஆசை. திங்கட்கிழமை தன்னோடு வந்து அப்ரண்டிஸாகச் சேர வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அம்மா நடுவில் புகுந்து ஒரு சமாதானம் செய்திருந்தாள். அண்ணன் தானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் காலை முதல் மாலை வரை தவறில்லாமல் ஓடினால் அவன் விருப்பம். இல்லையென்றால் அப்பாவோடு கம்பெனி பஸ். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பளு தாங்காமல் அலறக்கூடாது என்பது அப்பா சேர்த்த நிபந்தனை.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க அண்ணன் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் பல சனிக்கிழமைகள் அலைந்தான். ஒருமுறை நானும் போனேன்.

“இன்னா தம்பி, போர்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? எல்லாம் ஒண்ணுதான்,” என்றார் கடைக்காரர்.

“சிப்செட் வேறண்ணா.”

திரும்பும்போது ரயிலில் எனக்கு விளக்கினான். போர்டில் பாகங்களுக்கு நடுவே போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் சில்லுகள்தான் சிப்செட். பிராசஸரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். மலிவான சிப்செட்டில் பிராசஸரின் வேகத்தைக் கூட்டினால், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் பாதையின் வேகமும் கூடவே ஏறி, உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். அவன் பார்த்துவைத்த சிப்செட் அந்தப் பாதையைத் தனியாகப் பூட்டிவைக்கும். வோல்டேஜையும் சிறு சிறு படியாக மாற்ற விடும் என்பதால், தேவைக்கு மேல் கரண்ட் இழுக்காது. எனக்குப் பதினொரு வயது. புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

இட்லி சாப்பிட்டதும் பரீட்சை தொடங்கியது. அதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. அது ஓயாமல் கணக்குப் போடும். ஒரு கணக்குத் தப்பினாலும் சிவப்பு வரி காட்டி நின்றுவிடும். ஓடிய நேரம் திரையின் மூலையில் ஏறிக்கொண்டே போகும்.

“கம்பெனிக்காரன் வச்ச வேகம் போதாதா உனக்கு?” என்றார் அப்பா.

“அது போதும்னா நான் எதுக்குப்பா ஹார்டுவேர் படிக்கணும்?”

அப்பா ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்ப விடவில்லை. மே மாத வெயிலையும் சேர்த்துத்தான் பரீட்சை என்றார். பத்தரை மணிவாக்கில் கரண்ட் போனது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

“என்னடி இது, இன்வெர்ட்டர் வாயே திறக்கல!” என்றாள் அம்மா. அண்ணன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான். அரை மணியில் கரண்ட் வந்துவிட்டது.

மதியம் சமையலறையில் தண்ணீர் கேன் தீர்ந்தது. “கம்ப்யூட்டர் எங்கயும் ஓடிப்போயிடாது, போய் எடுத்துட்டு வாடா,” என்று அம்மா விரட்ட, அண்ணன் சைக்கிளில் போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் திரையில் சிவப்பு வரி வந்தது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். வாசலையும் ஒருமுறை பார்த்தார்.

“பாப்பா, அண்ணன் இதை எப்படி ஓட விட்டான்?”

நான் பொத்தானைக் காட்டினேன். அப்பா அழுத்தினார். கணக்குகளும் மூலையில் நேரமும் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கின. ஃபேனையும் அவரே கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தார். அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணன் கேனை இறக்கி வைத்துவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தான். ஃபேனைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

“ஓடிக்கிட்டுதான் இருக்கு,” என்றார், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

மாலையில் விளக்கேற்றும் நேரம்வரை அது ஓடியது. அப்பா பச்சை அட்டை கட்டினார், அம்மா கேசரி கிண்டினாள். அண்ணன் இரண்டாவது தடவை கேட்டு வாங்கவில்லை. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்த அண்ணன், பல்கூட விளக்காமல், பச்சை அட்டையை அவிழ்த்து அப்பாவின் டிபன் பாக்ஸ் மேல் வைத்தான். பிராசஸரின் வேகத்தை ஒரு படி குறைத்தான். ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, பரீட்சையை முதலிலிருந்து ஓடவிட்டான். அப்பா அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் வந்து பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

பாஸான பரீட்சையை அண்ணன் எதற்கு மறுபடி எழுதுகிறான் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.