கழுத்தில் போடாத பணம்

சிங்கப்பூரில் சட்ட மேற்படிப்புக்கு உதவித்தொகை தரும் குழுவினரே, சிக்கனமாக இருந்தவளைத் தண்டித்துவிட்டீர்கள்.

பாசிர் ரிஸ் போகும் பேருந்தில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்காருவாள். வெளுத்த நீலச் சட்டை, சாங்கி சரக்குக் கிடங்கில் வேலை. கோப்பியைக்கூட வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். அப்படிச் சேர்த்தது பாதிக் கட்டணத்துக்குக்கூடப் போதாது. ஆனால் சேமிப்பு இருக்கிறதென்று உதவியை மறுத்துவிட்டீர்கள்.

"அம்மா தேக்கா கடையில நகை வாங்கச் சொன்னாங்க அக்கா. நான்தான் பேங்க்ல போட்டேன்."

"நகை இருக்கான்னு கேக்கலையா?"

"பேங்க் கணக்கு மட்டும்தான் லா. கழுத்துல மாட்டிட்டுப் போயிருந்தா ஏழைன்னு எழுதியிருப்பாங்க."

சிரித்தாள். படிப்பு கைவிட்டுப் போன பிறகு எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இது என்ன நியாயம்? எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். நாளிதழில், எல்லாரும் படிக்கும்படி, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள்.