நான் 'வாங்க' என்றது யாரை?

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை. இது என் காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது. கூட இருந்தவள் உயிரோடுதான் இருக்கிறாள். சந்தேகம் வந்தால் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் படிக்கப் போன முதல் வருடம். தேர்வு முடிந்து சில நாள் விடுமுறை. நானும் என் அறைத்தோழியும் ஒரு கடற்கரை ஊரில் மாடி அறை எடுத்தோம். என்னைவிட மூத்தவள் என்பதால் அவளை 'அக்கா' என்பேன். அந்த ஒரு வார்த்தைதான் மரியாதை. மற்றபடி வா, போ, எருமை எல்லாம் தாராளமாக உண்டு. அந்த ஊரில் தமிழ் பேச எங்களை விட்டால் ஆள் கிடையாது.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அக்கா மட்டும் கடலுக்குக் கிளம்பினாள்.

"கால் நனைச்சிட்டு வந்துடுவேன். நீ தூங்கு."

"ஆழத்துக்குப் போய்த் தொலைக்காதே. உனக்கு நீச்சல் தெரியாது."

"உத்தரவு மேடம்!"

போர்த்திக்கொண்டு படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறியது. முதலில் கடல் மறைந்தது, அப்புறம் தெரு. பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று.

குளியலறையில் தண்ணீர் சொட்டும் சத்தம்... எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் மூடித்தான் இருந்தது. தரை முழுக்க ஈரம். அன்று நாங்கள் இரண்டு பேருமே குளிக்கவில்லை. எனக்குக் காய்ச்சல், அவளுக்குச் சோம்பல். முகம் கழுவி இப்படிக் குளமாக்கி வைத்திருக்கிறாளே என்று அக்காவை மனதுக்குள் நாலு திட்டு திட்டிவிட்டு வந்து படுத்தேன். கண்ணயர்ந்துவிட்டது.

"வரேன்..."

விழித்தேன். பெண் குரல். கதவுப் பக்கமிருந்து. அதுவும் தமிழில்!

சத்தியமாக அப்போது பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நம் ஆள் யாரோ இங்கே தங்கியிருக்கிறார்கள், கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போகிறார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்தேன். யார் 'வரேன்' என்றாலும் நம் வாய் தானாக ஒன்று சொல்லுமே, அதையே சொன்னேன்.

"சரி... வாங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் அறைக் கதவு.

எழுந்து உட்கார்ந்தேன். எதிரே அக்காவின் கட்டில். மெத்தை நடுவில் ஆள் படுத்த பள்ளம். தொட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரம்... உப்பு வாடை.

கதவைத் திறந்தேன். வாசலிலிருந்து ஈரக் காலடிகள் படியில் இறங்கியிருந்தன. இறங்கியவை மட்டும்தான். ஏறி வந்ததற்கு ஒரு தடம்கூட இல்லை.

கீழே வீட்டுக்காரம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"யாராவது இறங்கிப் போனாங்களா?"

"யாரும் போகலையே. இப்ப தங்கியிருக்கிறதே நீங்க ரெண்டு பேருதான்."

அவர் நாற்காலியை ஒட்டியே ஈரத்தடம் வாசலைத் தாண்டியிருந்தது. கடல் பக்கமாக...

அக்கா!

ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. பனிமூட்டத்தில் நீட்டிய கை எனக்கே தெரியவில்லை.

"அக்கா! எங்க இருக்கே?"

அலைச் சத்தம் மட்டும்.

"எருமை! திரும்பி வா!"

"இங்க..."

குரல் வந்த பக்கம் போனால், அக்கா மார்பளவு தண்ணீரில் நின்றாள். கடலைப் பார்த்தபடி. இறங்கிப் போய் அவள் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வீட்டு வாசல் வரை பிடியை விடவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே வந்தேன்.

"நீ கூப்பிட்டேன்னுதான் உள்ள போனேன்," என்றாள். "எனக்கு முன்னாடி தண்ணிப் பக்கமிருந்து... உன் குரல்தான். 'வாங்க, வாங்க'ன்னு."

"அப்புறம் ஏன் நின்னே?"

"நீ என்னைக்கு எனக்கு வாங்க போங்க போட்டிருக்கே?"

அந்த மரியாதையை நான் அன்று ஒருத்திக்குத்தான் கொடுத்திருந்தேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டோம். அதோடு விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் பேச்சுவாக்கில் அக்கா சொன்னாள்.

"உனக்கு ஜுரத்துலயும் என்னா பலம்! நீ இழுத்த இழுப்புல என் வலது மணிக்கட்டு ஒரு வாரம் வீங்கியிருந்தது."

"இடது கையைச் சொல்றியா? என் ரெண்டு கையும் அதுலதானே இருந்தது?"

அக்கா சிரிக்கவில்லை. தன் வலது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"அப்போ... வீட்டு வாசல் வரைக்கும் இந்தக் கையைப் பிடிச்சிட்டு வந்தது?"