வாசனை இல்லாத ஓர் இடம் தேடி: கும்மிடிப்பூண்டியிலிருந்து பூண்டி ஏரி வரை நான்கு புட்டி பரோசா ஒயினுடன்

2008 ஆடி மாதம் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை முழுக்க, ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணியையும் நான்கு ஒயின் புட்டிகளையும் டாடா சுமோவில் வைத்துக்கொண்டு திருவள்ளூர் மாவட்டத்தைச் சுற்றினேன். மீட்டர்படி 123 கிலோமீட்டர். உல்லாசப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒயினை முகர்ந்து பார்க்க வாசனையே இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? கும்மிடிப்பூண்டியில் தேடிப் பாருங்கள், தெரியும்.

நான் சிப்காட்டில் ஒரு எவர்சில்வர் டேங்க் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகன். பால், எண்ணெய், மருந்து எல்லாவற்றுக்கும் டேங்க் செய்வோம். முந்தைய வருடம் முதல்முறையாக ஆறு ஒயின் டேங்குகளைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பக்கம் அனுப்பினோம். இன்னும் பதினான்கு டேங்குக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு மின்னஞ்சல்: உங்கள் டேங்கில் வைத்த ஒயினில் ஏதோ வேற்று வாசனை வருகிறது, காரணம் பிடிபடவில்லை. உள்பக்க பாலிஷில் ஏதோ தங்கிவிட்டது என்று சந்தேகப்படுகிறோம். அப்படியென்றால் டேங்கே வேண்டாம்.

முதலாளி நம்பவில்லை. "அந்த வாசனையை நேரில் காட்டச் சொல்லு" என்றார். அவர்களும் காட்ட ஆள் அனுப்பிவிட்டார்கள். ஹெலன், ஐம்பது வயது இருக்கும், அந்த ஒயின் எல்லாம் அவர் கைப்பட உருவாவது. முதலாளிக்கு மும்பையில் வேலை வந்துவிட்டது (எப்போதும் இப்படித்தான் வரும்). கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "ஒரு வாசனையும் இல்லைன்னு சொல்லி அனுப்பிடு." பதினான்கு டேங்க் போனால் ஒரு ஷிப்டையே நிறுத்திவிடுவார் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். ஆறு டேங்குக்கும் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டு நாள் தூக்கமே இல்லை.

காலை 8.30க்கு விமான நிலையத்திலிருந்து நேராகக் கம்பெனி வந்து சேர்ந்தார் ஹெலன். இரவே திரும்புகிறார். மீட்டிங் அறையில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, ஏசி போட்டு வைத்திருந்தேன். உள்ளே வந்தவர் மூக்கை ஒருமுறை இழுத்தார். "ஆசிட்" என்றார். பின்பக்கம் எஃகைக் கழுவும் அமிலத் தொட்டி இருக்கிறது. பதினோரு வருடமாக அந்தக் காற்றிலேயே கிடக்கிறேன், எனக்கு எப்படித் தெரியும்? கெஸ்ட் ஹவுசுக்குப் போனோம். வருகிறார் என்று புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பொன்னேரியில் ஒரு லாட்ஜ், பினாயில். லாட்ஜ்காரரிடம் வேறு வீணாக அரை நாள் வாடகை 150 ரூபாய் கொடுத்துத் தொலைத்தேன்.

வண்டி ஓட்டியவர் காதர் பாய், பழவேற்காட்டுக்காரர். அவர்தான் யோசனை சொன்னார். "இன்னாத்துக்கு சார் பேஜாரு? எங்க ஊருக்கு வாங்க. கடல் காத்து, ஒண்ணும் இருக்காது." கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "ஒண்ணு மட்டும் சார். வண்டிக்குள்ள பாட்டில தொறக்க வோணாம். வெளிய இன்னா வேணா பண்ணிக்கங்க." ஹெலனிடம் சொன்னேன். "அவர் வண்டி, அவர் சட்டம்" என்று தலையாட்டினார்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு 19 கிலோமீட்டர். 10.50க்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரியும் படகும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் கரை முழுக்கக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது! எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "பாய், கடல் காத்து மட்டும்தான்னு சொன்னீங்களே?" என்றேன். "சார், சத்தியமா எனக்கு வாசனையே தெரியல சார்" என்றார். என் ஆசிட் கதைதான். புட்டிகளைக் குளிர்விக்க மீன் ஏலத்தில் ஐஸ் வாங்கலாம் என்றேன். ஹெலன் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன்.

11.15க்குக் கிளம்பி, தச்சூர் கூட்டு ரோடு வழியாகப் பெரியபாளையம். ஆடி மாதம் என்பதை எப்படித்தான் மறந்தேனோ! அம்மன் கோயிலுக்கு வந்த, வேப்பிலை கட்டிய கூட்டம், மாட்டு வண்டி, கூழ்ப் பானை, ரோடே தெரியவில்லை. நாற்பது நிமிடம் நின்றோம். நான் இறங்குவதும் ஏறுவதும் மணி பார்ப்பதுமாக இருந்தேன். ஹெலனோ ஜன்னலைத் திறந்து வேப்பிலையைக் கசக்கி முகர்ந்து, சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "நீங்கள் எதற்காக இவ்வளவு பயப்படுகிறீர்கள்?" என்று திடீரென்று கேட்டார். "டிராபிக்" என்றேன்.

ஊத்துக்கோட்டையில் 1.40. சாப்பாடு 25 ரூபாய், நல்ல ரசம். ஹெலன் நாக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று வெறும் பன்னும் தண்ணீரும் எடுத்துக்கொண்டார். சோடாக் கடையில் பத்து ரூபாய்க்கு ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் புட்டிகளை அடுக்கினோம். அங்கிருந்து பூண்டி ஏரிப் பக்கம் 20 கிலோமீட்டர். ஏரிக்கரை அரசு இடம், அங்கே புட்டியைத் திறந்தால் வம்பு. அதனால் கரையை ஒட்டி அறுவடை முடிந்த வேர்க்கடலை நிலம் ஒன்றைப் பார்த்து, அதன் சொந்தக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாவோ பண்ணுங்க நைனா. பாட்டில ஒடச்சி மட்டும் போட்டுடாதீங்க, மாடு மேயிற எடம்." மேற்குக் காற்று தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது. ஹெலன் கண்ணை மூடி நின்று பார்த்துவிட்டு, "இங்கேதான்" என்றார். மணி 2.55.

இனி ஒயினுக்கு வருகிறேன், இதற்காகத்தானே வந்திருப்பீர்கள். பரோசா சமவெளி வெயில் பூமி. அங்கே விளையும் ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையில் செய்வது கனமான சிவப்பு ஒயின். சமவெளிக்குக் கிழக்கே மேடேறினால் ஈடன் பள்ளத்தாக்கு, கொஞ்சம் குளிர்ச்சி. அங்கே ரீஸ்லிங் என்ற பச்சைத் திராட்சையில் வெள்ளை ஒயின். எங்கள் டேங்கில் இருந்தது இந்த ரீஸ்லிங். ஹெலன் வண்டியின் பானெட்மேல் துணி விரித்து நான்கு கண்ணாடிக் கிண்ணங்களை வைத்தார். தண்டைத்தான் பிடிக்க வேண்டும், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும். முதலில் நிறம். அப்புறம் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகர வேண்டும். பிறகு ஒரு வாய், நாக்கில் உருட்டி, காற்றை உறிஞ்சி, கடைசியில் துப்பிவிட வேண்டும். கல்யாண வீட்டில் பீர் குடித்ததோடு சரி என் அனுபவம். முதல் வாயை விழுங்கிவிட்டேன்.

முதலில் ஆறு வருடம் புட்டியில் கிடந்த ரீஸ்லிங். முகர்ந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "கெரசின்" என்றேன். ஹெலன் கை தட்டினார். வயதான நல்ல ரீஸ்லிங்குக்கு அதுதான் அடையாளமாம்! அடுத்து ஷிராஸ். மிளகும் நாவல் பழமும், வாய் ஓரம் லேசாகத் துவர்த்தது. வெள்ளைக்கு முன் சிவப்பு தருவது முறையல்ல, உங்கள் மூக்கை எழுப்பத்தான் கொடுத்தேன் என்று வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம் நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

மூன்றாவது, அவர்களுடைய பழைய டேங்கில் இருந்த இளம் ரீஸ்லிங். நார்த்தங்காய் இலையைக் கிள்ளிய மாதிரி, முதல் மழையில் நனைந்த கருங்கல் மாதிரி. இதைக் குடித்துவிட்டு மனிதன் கோபப்படவே முடியாது என்று தோன்றியது. நான்காவது, அதே திராட்சை, அதே நாள் பிழிந்தது, எங்கள் டேங்க். அதே நார்த்தங்காய் இலை. அதன் அடியில் மெல்லிசாக இன்னொன்று. சாம்பிராணி.

எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஏழுமலை என்ற வெல்டர் டேங்குக்குள் வேலை செய்யும்போது மயங்கி விழுந்தார். வெல்டிங்குக்கு ஆர்கான் என்ற வாயுவை விடுவோம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, உள்ளே தேங்கி மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். பிழைத்தது அவர் பெண்டாட்டி தாலி பாக்கியம். அதன் பிறகு, உள்ளே சாம்பிராணி காட்டாமல் எந்த டேங்கின் கதவையும் மூட ஆட்கள் சம்மதிக்கவில்லை. கடைசிக் கழுவல் முடிந்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகு, ஏழுமலையே சட்டியைக் கொண்டு உள்ளே ஒரு சுற்று சுற்றுவார். அந்தப் புகையோடு கதவை முறுக்கி மூடி அனுப்புவோம். சாம்பிராணிதானே, என்ன ஆகப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

"என்ன தெரிகிறது?" என்றார் ஹெலன்.

"இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நோட்டை மூடினார். காற்று வேகமாக அடித்துத் துணி தூக்கியது. ஓரமாக நின்ற காதர் பாய் ஓடிவந்து, விழப்போன காலிக் கிண்ணங்களைப் பிடித்தார். முகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் எடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, சாம்பிராணி மாரி கீது? எங்க ஊட்ல வெள்ளிக்கெழம போடுவாங்களே, அதே வாசனை."

அவர் கையில் இருந்தது நான்காவது கிண்ணம். ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

கண்ணாடி கழுவ வேண்டும் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஷிப்டு, முதலாளி, என் வீட்டு வாடகை எல்லாம் வந்தது. ஆனால் விழாமல் பிடித்த கிண்ணங்களோடு நிற்கிற மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதையே மாற்றிச் சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னேன். சாம்பிராணி என்றால் என்ன, எதற்குப் போடுகிறோம், ஏழுமலை, ஆர்கான், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்றுதான் கேட்டார். இருக்கிறார் என்றேன். அப்புறம் சொன்னார். "எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் பிழைக்கவில்லை. திராட்சை புளிக்கும்போதும் ஒரு வாயு வரும். டேங்குக்குள் திராட்சைத் தோலை வாரப் போனார். நாங்கள் எதையும் கொளுத்தவில்லை. அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். காதர் பாய் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு மறுபடி வேலையில் இறங்கிவிட்டார். எஃகில் புகை தங்காது, கழுவினால் போய்விடும். கதவுக்கு வைக்கும் ரப்பர் வளையம்தான் அந்தப் புகையைக் குடித்து வைத்திருக்கும் என்றார். திரும்பும் வழியில் திருவள்ளூர் பஜாரில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பிராணி வாங்கி முகர்ந்து, மீதி ஒயினையும் முகர்ந்து, "இதேதான்" என்றார். வளையத்தை மாற்றினால் போதும், டேங்க் தப்பித்தது. வண்டியில் ஏறும்போது கேட்டார். "உள்ளே ஆள் இறங்கும் முன் காற்றை எதை வைத்து அளக்கிறீர்கள்?" நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளி போனில் திட்டியதை இங்கே எழுத முடியாது. சம்பள உயர்வு போனது. மூன்று வாரம் கழித்துப் பதினான்கு டேங்குக்கும் ஆர்டர் வந்தது.

நீங்களும் இப்படி ஒரு நாள் போவதாக இருந்தால் சில விஷயம். சுமோ வாடகை அன்று விமான நிலையம் வரை சேர்த்து 1,900 ரூபாய். ஆடியில் பெரியபாளையம் ரோடு வேண்டவே வேண்டாம். நேரம் இருந்தால் திருப்பாச்சூர் கோயிலையும் பாருங்கள், திருவள்ளூரிலிருந்து பக்கம்தான். நாங்கள் தாண்டிப் போனதோடு சரி. வெட்டவெளியில் திறந்தாலும் நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டுத் திறங்கள். ஐஸை ஊத்துக்கோட்டையிலேயே வாங்குங்கள். முக்கியமாக, மூக்கைத் தவிர வேறு யார் சொல்வதையும் கேட்டுக்கொண்டு கிண்ணத்தில் கை வைக்காதீர்கள், முதலாளி சொன்னாலும்கூட.

அந்த ஆர்டரில் ஒரு நிபந்தனை இருந்தது. டேங்குக்குள் இறங்கும் ஒவ்வொருவர் சட்டையிலும் காற்று அளக்கும் கருவி மாட்டியிருக்க வேண்டும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். செல்போன் அளவுதான் அது. மூச்சுக் காற்று குறைந்தால் கத்தும். பெட்டியைப் பிரித்து முதல் கருவியை ஏழுமலை கையில் நானே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆஸ்திரேலியாலேந்து வந்துதா சார்?"

"இல்ல ஏழுமலை. இங்கதான், பாரிமுனையில வாங்கினது."

"புதுசா வந்த மிஷினா?"

"இல்ல. ரொம்ப வருஷமா விக்கிறாங்க."

சட்டைப் பையில் அதை மாட்டிக்கொண்டு, டேங்கின் வாசலில் ஒரு காலை வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்பறம் ஏன் சார் எங்கள சாம்பிராணி போட உட்டீங்க?"