வாடை இல்லை என்று நான் சொன்ன பெட்டிகள்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்டெல்லா மேடம் இறந்த செய்தி வந்தபோது நான் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் இன்னும் தொடங்கவில்லை. அப்படியே ஓடி வந்தேன். கடலூர் முதுநகரில் அவர் வீட்டு வாசலில் நின்ற உங்களில் பல பேர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். துக்கத்தில் வாய் கோணிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். வெறும் மைதான்.

போனில் சொன்னது அவருடைய தங்கை ஜெசிந்தா. "அண்ணே, அக்காவுக்கு விடியகாலம் மூச்சு இழுப்பு வந்துடுச்சு. ஆட்டோவுலயே போயிடுச்சுண்ணே" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் பயம்தான் வந்தது. அதற்கு நான் காரணமாக இருப்பேனோ என்ற பயம். இன்று முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வாசிக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். அந்தப் பயத்தை விட்டுவிட்டு எனக்கு எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை என்னவென்று பூசைக்கு வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சிதம்பரத்தில் ஒரு பழைய வீட்டு மாடி. ஒரு டாக்டர் தன் காலம் முழுக்கக் கோயில், கல்யாணம், கூத்து என்று போன இடமெல்லாம் பதிவு செய்த பாட்டு நாடாக்கள் அங்கே இருக்கின்றன. முந்நூற்றுச் சொச்சம் பெட்டிகள். மேடம் ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுவார். என்ன வாத்தியம், யார் வாசித்தது, என்ன ராகம், எந்த ஊர், எத்தனை நிமிடம், நாடா எந்த நிலையில் இருக்கிறது. நான் பெட்டி தூக்குவேன், துடைப்பேன், திறந்து கொடுப்பேன். நடுவில் அவரைக் கிண்டல் செய்வேன். அதற்குச் சம்பளம் கிடையாது.

நிலை என்ற இடத்தில் 'வாடை' என்று ஒரு வரி உண்டு. பழைய நாடா கெடத் தொடங்கினால் புளித்த வாடை வரும். வந்தால் அந்தப் பெட்டியைத் தனியாக எடுத்துவைத்து, முதல் வேலையாகப் பிரதி எடுத்துவிட வேண்டும்.

"விட்டுட்டா பக்கத்துப் பெட்டியும் புளிச்சிடும் கலியமூர்த்தி" என்றார் முதல் நாளே.

"தோசை மாவு மாதிரியா மேடம்?"

"மாவு புளிச்சா தோசையாவது சுடலாம். இத வச்சு என்ன சுடுவீங்க?"

மேடத்துக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. தூசு ஆகாது. இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அந்த அறைக்குள் வருவார். அதனால் முகர்ந்து பார்க்கும் வேலை எனக்கு வந்தது. "மூக்கு நல்லா இருக்குமில்ல?" என்று கேட்டார். "எங்க ஊரு குடிகாடு மேடம், சுத்தி கெமிக்கல் கம்பெனிங்கதான். எந்த டிரம்முல என்ன இருக்குன்னு மூடியத் தொறக்காமலே சொல்லுவேன்" என்றேன். அவர் சிரித்தார். வேலை கிடைத்தது.

உண்மையில் என் மூக்கு செத்து வெகு நாளாகிவிட்டது. ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் டிரம் உருட்டினேனே, அப்போது போனதா, கொரோனாவில் போனதா என்று எனக்கே தெரியாது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாவதோடு நின்றவனுக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும்போது மூக்கில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன், மூக்கருகே கொண்டுபோனேன், கண்ணை மூடி யோசிக்கிற மாதிரி நடித்தேன், "இல்ல மேடம்" என்றேன். அவர் தன் அழகான கையெழுத்தில் 'வாடை: இல்லை' என்று எழுதினார். ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று.

அவர் எதையும் ஊகித்து எழுத மாட்டார். ஒரு நாடாவில் நாகசுரம் அப்படி வழிந்தது. எனக்கே புல்லரித்தது. அந்தக் காலத்தில் பெயர் வாங்கிய ஒருவரின் பெயரைச் சொல்லி, "அவருதான் மேடம், வேற யாரு இப்படி வாசிப்பா? எழுதுங்க" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல."

"பெட்டியில எழுதியிருக்கா?"

"இல்ல."

"தப்பா ஒரு பேரப் போட்டா, நெஜமா வாசிச்ச மனுசன் காணாமப் போயிடுவாரு. அப்பறம் அவரத் தேடக்கூட ஆளிருக்காது" என்று சொல்லி, 'வாசித்தவர்: தெரியவில்லை' என்று எழுதினார். அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனிதர் தெரியவில்லை என்று எழுதியதை நான் பார்த்ததே இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே அட்டையில், இரண்டு வரி தள்ளி, என் பொய் இருந்தது.

போன மாசி மாதம் என் வீட்டுக்காரி செல்வி, சிதம்பரத்திலேயே ஒரு வளைகாப்புக்குப் போவதற்கு முன்னால் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக மாடிக்கு வந்தாள். கதவைத் திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாங்க இது, ஊறுகா ஜாடி எதுனா ஒடஞ்சிடுச்சா?"

நல்ல வேளை, மேடம் அப்போது கீழே போயிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். கடைசி அலமாரியைக் காட்டினாள். ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினேன். "ஐய, கிட்ட கொண்டாறாதீங்க" என்று படி இறங்கிப் போய்விட்டாள்.

எட்டு நாள் சொல்லவில்லை. அந்த எட்டு நாளும் அலமாரியைப் பார்த்தாலே உள்ளே ஏதோ உயிரோடு அரித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். நான் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துப் பெட்டிக்குப் புளிப்பு ஏறுமே என்ற பயம் இன்னொரு பக்கம். ஒன்பதாம் நாள், வழக்கம்போல இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மேடத்திடம் சொல்லிவிட்டேன். எனக்கு வாசனையே தெரியாது என்றேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"பஸ்ஸு உங்க ஊரத் தாண்டறப்போ எல்லாரும் கர்ச்சீப்ப எடுப்பாங்க. நீங்க மட்டும் வேர்க்கடல தின்னுக்கிட்டு வருவீங்க. பழகிப்போச்சு போலன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "நானும் ஊகிச்சுத்தான இருக்கேன்" என்றார். இரண்டாவது சொன்னதுதான் எனக்கு அடி.

அன்றே அட்டைகளை எல்லாம் இறக்கச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் அட்டையிலும் 'இல்லை' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'தெரியவில்லை' என்று எழுதினார். மறுநாள் முகக்கவசம் இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் பெட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "வேணாம் மேடம், செல்விய கூப்புடறேன்" என்று கெஞ்சினேன். "அவுங்க மூக்க நம்பி எழுதறதுக்கு அவுங்க என்ன இங்க வேலையா பாக்கறாங்க? என் கையெழுத்து, என் மூக்கு" என்றார். ஐந்து வாரம். நான் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். இருந்தாலும் பழைய தூசு பழைய தூசுதான். நாலு பெட்டிக்கு ஒரு தடவை எழுந்து போய் மருந்தை இழுத்துக்கொண்டு வருவார். அவர் நெஞ்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்கும். என் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்பது பெட்டிகள் புளித்திருந்தன. எட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டோம். ஒன்பதாவது மிகவும் மோசம், செதில் செதிலாக உதிர்ந்தது. "இது ஒரே ஒரு வாட்டிதான் ஓடும். எனக்கே பயமா இருக்கு. நல்ல நாளா பாத்து ஓட்டுவோம்" என்று தள்ளி வைத்தார். மேலே வடலூர், பூசம் என்று மட்டும் எழுதியிருந்தது. ஐந்து வாரம் முடிந்து இரண்டரை மாதத்தில் மேடம் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் அவர் வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று தோன்றியது. அவர் நடந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஆஸ்பத்திரி டாக்டரு, இது எப்ப வேணாலும் வரக்கூடியதுன்னாரு. அந்த அஞ்சு வாரமும் அக்கா ஜாஸ்தி இருமுச்சு, அதுவும் நெசம். வீட்டுக்கு வந்து சோறு திங்காம, எந்தப் பெட்டி தப்பிச்சுதுன்னு பேசிக்கிட்டே இருக்கும். உங்களாலயான்னு கேட்டா எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. இல்லை என்று எழுதிக்கொண்டால் தூக்கம் வரும். எழுத மாட்டேன்.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். கடையில் பால் கெட்டுப் போகவில்லையே என்று யாராவது கேட்டால்கூட இப்போது நான் பதில் சொல்வதில்லை. "பயப்படாத ஆளுக்கு இந்த வேலைய குடுக்கக் கூடாது" என்று அவர் ஒரு தடவை சொன்னார். அப்போது அதற்கும் கிண்டல் செய்தேன். இப்போது தினமும் காலையில் மாடிப்படி ஏறும்போதே, இன்று எந்தப் பெட்டியைக் கெடுப்பேனோ என்று பயமாக இருக்கிறது. அவர் கணக்குப்படி நான் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன்.

போன வாரம் அந்த ஒன்பதாவது பெட்டியை நானே ஓட்டினேன். வேறு ஆளில்லை, தள்ளிப்போட நாளுமில்லை. பிரதி எடுக்கும்போது தொடக்கத்தில் மைக்கில் பெட்டி எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னேன். நாடா ஓடியது. பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள், பின்னால் மணிச் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் செல்வி போன் செய்தாள், இரண்டு வார்த்தை பேசி வைத்தேன். கடைசிச் சுற்றில் நாடா தூள் தூளாகிவிட்டது. ஆனால் முழுதும் பிரதியாகிவிட்டது. மைக்கை அணைக்கவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன். பிரதியில் காதில் விழுவதை எல்லாம் அட்டையில் எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுதினேன்: "வடலூர், பூசம். பெண்கள் பாடுகிறார்கள், பாடியவர்கள் பெயர் தெரியவில்லை. பதினோராவது நிமிடத்தில் ஓர் ஆண் குரல், வஞ்சிரம் வேண்டாம், சங்கரா மீனே வாங்கு, தலையைத் தனியாக வெட்டித் தரச் சொல் என்கிறது. பெயர்: கலியமூர்த்தி. உறுதி."