மகாராணி நீராடிய தொட்டி

விளிம்பு உடைந்த ஒரு சிமென்ட் தொட்டி. உள்ளே பாசி. குனிந்து தண்ணீர் மொண்டால் முழங்கை சிராய்க்கும். விடிந்ததும் நாற்பது பெண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மக்கோடு அதன் முன் வரிசையில் நிற்போம். திருப்பூரை அடுத்த பெருமாநல்லூர்ப் பக்கம் இருந்த ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில், பதினெட்டு வயதில், நான் குளித்த தொட்டி அது. போன மாதம் போய்ப் பார்த்தால் அதில் தாமரை பூத்திருக்கிறது. பக்கத்தில் பித்தளைத் தகடு: 'மகாராணி நீராடிய தடாகம்.' எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கம்பெனி மூடி வெகுநாளாகிறது. ஹாஸ்டல் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் முதலாளி அதன்மேல் சாரம் கட்டுவதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அரண்மனை மாதிரி ஓட்டல் வரப்போகிறது என்றார்கள். ஆக, இடம் எனக்குத் தெரியும், ராணிக் கதைதான் தெரியாது. இப்போது நான் ஒரு வெளிநாட்டுத் துணி நிறுவனத்தின் திருப்பூர் அலுவலகத்தில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பு. அந்த நிறுவனத்திலிருந்து வந்த அம்மாளோடு அந்த ஓட்டலில் இரண்டு நாள் தங்கும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். திருப்பூருக்குள்ளேயே மண்ணரையில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு அங்கே போய்த் தங்கினேன்.

காரைக்குடிப் பக்கத்தில் இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களை லாரியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரை இருந்த இடத்தில் கலசம். வாசலில் தலைப்பாகை கட்டிய ஒருவர் பன்னீர் தெளித்தார். எனக்குக் கொடுத்த அறையின் பெயர் 'அந்தப்புரம்'. கதவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டுத் திரைச்சீலையை விலக்கினால், ஆள் உயரத்துக்கு மேலே அதே சின்ன ஜன்னல். ரோட்டை நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள். இந்த அறையில் பதினாறு பேர் பாய் போட்டுப் படுத்திருந்தோம். இப்போது ஒரே ஒரு கட்டில். அதன் தலைமாட்டில், சுவரோரமாகத்தான் செக்கிங் அக்காவின் இடம்.

தைத்து முடித்த பனியனில் குற்றம் பார்க்கிற மேசைக்கு அவர்தான் தலைவி, அதனால் எல்லோருக்கும் செக்கிங் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரர். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பார். தையல்மேல் பெருவிரலை ஓட்டிக்கொண்டே வருவார், நூல் விட்ட இடத்தில் விரல் நிற்கும். என்னைத் தையலுக்குச் சேர்த்த புதிதில் என் பீஸ்களைக் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்புவார். "ஏட்டி, கோவப்படாத. தப்ப இங்கனயே சொல்லிட்டா கப்பல் ஏறாதுல்லா?" என்பார். வாயில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் சோற்றைக் கரைத்துக் கஞ்சியாக்கி ஊட்டினவரும் அவர்தான்.

ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, வார்டனோடு கூட்டமாகக் கடைவீதிக்குப் போய்வரலாம். ஊரிலிருந்து போன் வந்தால் ஆபீசுக்குத்தான் வரும். அப்படித்தான் அக்காவின் அம்மா இறந்துபோன செய்தியும் வந்தது. அன்று பெரிய ஆர்டர் ஒன்று முடிகிற நேரம். மேனேஜர் செய்தியை ஒரு சீட்டில் எழுதி மேசை டிராயரில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள், கன்டெய்னர் கேட்டைத் தாண்டிய பிறகு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஷிப்மென்ட் நேரமுங்க அக்கா, மனசுல வச்சுக்காதீங்க." அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது எரித்து முடித்துச் சாம்பலையும் கரைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு அவர் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் ஆடிட் வந்தது, இன்று நான் வேலை பார்க்கும் இதே நிறுவனத்திலிருந்து. துணி வாங்குகிற நிறுவனம் ஆள் அனுப்பி, தொழிலாளர்கள் நன்றாக நடத்தப்படுகிறார்களா என்று விசாரிக்கும். எங்கள் ஊர்க் கம்பெனிகளில் அதற்கு ஒத்திகை உண்டு. ஒரு வாரம் முன்பிருந்தே மெஷினை நிறுத்திவிட்டுப் பாடம் நடக்கும். மேனேஜர் கேட்பார், நாங்கள் சொல்ல வேண்டும். வெளியே போக முடியுமா? எப்ப வேணும்னாலும் போலாமுங்க. ஊருக்குப் பேசலாமா? தினமும் பேசறமுங்க. "என்ன கேட்டாலும் சிரிச்சுட்டே சொல்லோணும் கண்ணு," என்பார். நான் வகுப்பிலேயே முதல் மாணவி. என்னை எழுப்பி நிறுத்தி, "இந்தப் புள்ளையப் பாருங்க, எப்படிச் சொல்லுதுன்னு," என்று காட்டுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

விசாரணை கேன்டீனில், ஒவ்வொருவராக. எனக்கு முன்னால் அக்கா போனார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பூட்டையும் சொன்னார், அம்மாவையும் சொன்னார். அடுத்து நான். "உங்களுக்கு முன்னால் வந்தவர் சொன்னது உண்மையா?" என்று மொழிபெயர்க்கிற பெண் கேட்டார். "இல்லீங்க மேடம். அவங்களுக்கு அம்மா செத்ததுல இருந்து மனசு சரியில்லீங்க," என்றேன், சிரித்துக்கொண்டே. இந்த வரியை மேனேஜர் சொல்லித் தரவில்லை. நானாகச் சேர்த்தது.

ரகசியம் என்றுதான் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் மேனேஜர் காதுக்கு எல்லாம் போய்விட்டது. இரண்டாம் நாள் அக்காவையும் அவர் பெட்டியையும் கம்பெனி வேனில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் தேடிப் பார்த்து, "நல்லா இரு, என்னட்டி," என்றார். திட்டியிருக்கலாம். மறுநாள் அவருடைய மேசையை எனக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் என் முன்னேற்றம் எல்லாம் தொடங்கியது.

ஓட்டலில் தங்கிய இரண்டாம் நாள் காலை, சிற்றுண்டிக்குப் பிறகு, பட்டுச்சேலை கட்டிய ஓட்டல் பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். இருபது வயதிருக்கும். இருநூறு வருடத்துக்கு முந்திய ஜமீன், மைசூரிலிருந்து வந்த மகாராணி, தோழிகளோடு அவள் வாழ்ந்த அந்தப்புரம் என்று ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எல்லாம் பிசகாமல் இருந்தது. வெளிநாட்டு அம்மாள் சொக்கிப்போய்விட்டார். என் பக்கம் திரும்பி, "நீங்கள் இந்த ஊர்தானே? உண்மையிலேயே இப்படியா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கெஞ்சியது. தமிழில், தாழ்ந்த குரலில், "அக்கா, சொல்லச் சொன்னதத்தானுங்க சொல்றேன்," என்றாள்.

"தெரியும் கண்ணு. நீ பயப்படாத," என்றேன்.

பிறகு அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே ராணியும் இல்லை, தோழியும் இல்லை, வேலைக்கு வந்த பெண்களைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றேன். பூத்த தாமரையைக் காட்டி, அதில்தான் குளித்தோம் என்றேன். கன்டெய்னர் போகும்வரை ஒரு சாவுச் செய்தி மேசை டிராயரில் கிடந்ததைச் சொன்னேன். அதைச் சொல்லத் துணிந்த ஒருத்தியைப் பைத்தியம் என்று உங்கள் நிறுவனத்து ஆளிடமே சொன்னவள் நான்தான் என்றும் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பன்னீர் தெளிப்பவர் திரும்பிப் பார்த்தார்.

சொல்லி முடித்தபோது மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. என்னைப் பெட்டியோடு வேனில் ஏற்ற இன்றைக்கு யாரும் இல்லை. வேலையும் வீடும் கையில் இருக்கும்போது உண்மை பேசுவதில் என்ன பெரிய வீரம்? அக்கா பேசியபோது அவரிடம் அந்த மேசையைத் தவிர ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். அக்காவின் பெயரைக் கேட்டார். சொன்னேன், எழுத்துக் கூட்டியும் கொடுத்தேன். "இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டு, பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தார்.

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் விசாரித்ததில்லை.