பெண்ணுக்கு அம்மாவாக மட்டும்

என் மனைவி பாடகி. மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தில் தமிழ்க் கல்யாணம் நடக்கும் மண்டபங்களில் அவள் பாடாத மண்டபம் அநேகமாக இல்லை. வானொலியிலும் அடிக்கடி அவள் குரல் வரும். எங்கள் ஊர் பத்து பாகாட்டில், பசாரில் மீன் வாங்க நின்றால்கூட யாராவது பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் அங்கேயே ஒரு துணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

ஊரெல்லாம் கேட்ட குரல் எங்கள் வீட்டில் அதிகம் கேட்டதில்லை. வாரக் கடைசியில் நிகழ்ச்சி இருந்தால் வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவள் வாய் திறக்க மாட்டாள். தொண்டைக்கு ஓய்வு வேண்டும். எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெல்ல அசைத்தால் ‘கொஞ்சம் பொறு’ என்று அர்த்தம். எங்கள் ஒரே மகள் எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அதையெல்லாம் படித்துவிட்டாள். பள்ளி விட்டு ஓடிவந்து அம்மாவிடம் கதை சொல்வாள். அம்மா சிரித்தபடி தலையாட்டுவாள். பதில் வராத இடத்தில் ஒரு குழந்தை எவ்வளவு நாள் பேசும்? கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் வந்துவிட்டாள். குளிப்பாட்டித் தலை பின்னிவிட்டது நான். நெத்திலி சம்பலும் சோறும் கட்டிக் கொடுத்தது நான். அவள் பெரியவளான அன்று மனைவி ஈப்போவில் மேடையில் இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட ஓடியதும் நான்தான்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் அவளைக் கட்டிக்கொண்டேன்.

மகள் படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜொகூர் பாருவில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் முடிந்து எல்லோரும் போன பிறகு மனைவி சொன்னாள்:

“என்னங்க, கல்யாணத்தன்னிக்கு நான் பாட மாட்டேன். யாரு கேட்டாலும் சரி. பொண்ணுக்கு அம்மாவா மட்டும் இருக்கப் போறேன்.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். “நெசமாவாம்மா?”

“நெசமாதான்டி. உனக்குத் திருநீறு பூசி, காருல ஏத்தி விடறது வரைக்கும் உன் பக்கத்துலேயே நிப்பேன்.”

மகள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது மனைவி மகளை ஒட்டியே நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் மேடையில் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் அப்பா வந்து கைகூப்பினார்.

“சம்பந்தி, எங்க சொந்தக்காரங்க எல்லாம் உங்க குரலைக் கேக்கணும்னு ஆசையா இருக்காங்க. ஒரே ஒரு பாட்டு லா.”

“இன்னிக்கு வேணாமே, அவங்க ஓய்வா இருக்கட்டும்” என்றேன் நான். அதற்குள் மனைவி எழுந்துவிட்டாள். “சம்பந்தி வாய்விட்டுக் கேக்கறாரு, எப்படிங்க முடியாதுன்னு சொல்றது? ஒன்னு பாடிட்டு வந்துடறேன்.”

ஒன்று முடிந்தது. மண்டபமே எழுந்து நின்று இன்னொன்று கேட்டது. அது முடிவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். “ராகு காலத்துக்கு முன்னாடி வீட்டுல விளக்கேத்தணும்ங்க. ரோட்டுல ஜாம் வேற இருக்கும். கெளம்பலாமா?”

நான் மேடை ஓரம் போய்க் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். மனைவி பார்த்தாள். ஆனால் அடுத்த பாட்டுக்கு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் மைக்கை ஒரு கையில் பிடித்தபடி மறு உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள்.

வாசலில் நின்ற மகளும் அதைப் பார்த்தாள். “நீங்களே பூசிடுங்கப்பா” என்று நெற்றியைக் காட்டினாள். வாசல் தட்டிலிருந்த திருநீற்றை எடுத்துப் பூசினேன். அவள் அழவில்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கார் கிளம்பிப் போனது.

கைதட்டல் ஓய்ந்ததும் மனைவி வேகமாக இறங்கி வந்தாள். “எங்கங்க அவ?”

“போயிட்டாங்கம்மா.”

அவள் கைப்பையைத் திறந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரோ, “அக்கா, என்னா குரல் லா!” என்றார்கள். அவள் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். மனைவி அழுதாள். “பரவால்லம்மா, ரொம்ப நல்லா பாடுனீங்க. இவங்க வீட்டுல எல்லாரும் சொன்னாங்க” என்றாள் மகள். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் மனைவி கல்யாணங்களுக்குப் பாடப் போவதைக் குறைத்துக்கொண்டாள். சென்ற ஆண்டு பேத்தி பிறந்தபோது நிகழ்ச்சிகளையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மாதம் தங்குவதற்கென்று ஜொகூர் பாரு போனாள். ஒரு வாரத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். பேருந்து நிலையத்தில் பையை வாங்கிக்கொண்டு, “ஏம்மா, சண்டையா?” என்று கேட்டேன்.

“சண்டையா? அவ நல்லாத்தான் பாத்துக்கிட்டா. வேளாவேளைக்குச் சாப்பாடு, சுடுதண்ணி எல்லாம் குடுத்தா, வந்த விருந்தாளிக்குக் குடுக்கற மாதிரி.” காரில் ஏறிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பிள்ளையைக் குளிப்பாட்ட, தூங்க வைக்க, எல்லாம் அவளுக்கே தெரியுதுங்க. யாருகிட்ட கத்துக்கிட்டானு கேட்டேன். அப்பாகிட்டன்னு சொன்னா.”

நான் வண்டியைக் கிளப்பினேன். வரும் வழியில் யோங் பெங் பக்கம் மழை பிடித்துக்கொண்டதாகப் பேருந்து ஓட்டுநர் சொன்னார் என்றாள். ஆமாம், இங்கேயும் வரும் என்றேன்.