பதினாலாவது ஸ்லைடு

போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. அமெரிக்காவில், மில்பிடாஸில் ஒரு சர்ச் ஹால். விளக்கை அணைத்த இருட்டில் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இருப்பது திருநெல்வேலிப் பக்கம். நான் பார்த்தது திரையில்.

பதினாலாவது ஸ்லைடு. அடிபம்பு, பச்சை பிளாஸ்டிக் குடம், நைந்துபோன வீட்டுச் சேலை, வாய் நிறையச் சிரிப்பு. அம்மாவேதான். ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்த மிஸ்டர் ஹோவர்ட் குரலைத் தாழ்த்தி, ஆங்கிலத்தில், உருக்கமாகச் சொன்னார் — "பாரம் சுமக்கும் இந்தப் பெண், ஒளியையே காணாமல் இருளில் காத்திருக்கிறாள்."

ஹால் முழுக்க 'உச்' கொட்டியது. சிரிக்கிற ஒருத்தியைப் பார்த்து 'உச்' கொட்ட எப்படி ஐயா மனசு வருகிறது?

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மிஷனரி. வயது இருபத்தாறு. வெள்ளைக்காரர்கள்தான் நம் ஊருக்கு வரவேண்டுமா என்ன? ஒரு மாறுதலுக்கு நான் கலிபோர்னியா வந்திருக்கிறேன். ஞாயிறு சண்டே ஸ்கூல். திங்கள் துணி துவைப்பது. செவ்வாய் ஆஸ்பத்திரியில் ஜெபம். வியாழன், வெள்ளி முதியோர் இல்லம். சனிக்கிழமை தமிழ்க் குடும்பங்கள். புதன்...? புதன்தான் வில்லங்கம். வாரம் ஒரு சர்ச்சில் ஸ்லைடு ஷோ. மிஸ்டர் ஹோவர்ட் இந்தியாவைப் பற்றிப் பேசுவார். நான் ஜிப்பா போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் — சாட்சிப் பொருளாக. ஊரில் நான் ஜிப்பா போட்டதே கிடையாது.

மிஸ்டர் ஹோவர்ட் என்னை இங்கே வரவழைத்த கமிட்டியின் தலைவர். நல்ல மனிதர். தொந்தரவே அதுதான், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். குளிருக்குக் கோட்டு வாங்கித் தந்தவர். போன மாதம் இந்தியா போனபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினார். அம்மா கொடுத்த முந்திரிக்கொத்தையும் கடிதத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். என் விசா நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இன்னும் போடவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஸ்கூல் டீச்சர். ஆனாலும் எனக்கு எழுதும்போது பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். "அவுக நல்ல மனுசன்டே. தோசைய அப்பளம் மாதிரி ஒடிச்சு ஒடிச்சுத் தின்னாக. கொழாயில தண்ணி வரலன்னு பம்புக்குப் போனேன், கூடவே வந்து போட்டா புடிச்சாக. ஒங்கிட்டக் கொண்டாந்து காட்டுவாகன்னு நல்லா சிரிச்சுக்கிட்டு நின்னேன். பாத்தியா?"

பார்த்தேன் அம்மா. அறுபது பேரோடு சேர்ந்து பார்த்தேன்.

எழுந்து நின்றேன். "அது என் அம்மா" என்றேன். யாரோ லைட்டைப் போட்டார்கள். "ஆறாம் வகுப்பு டீச்சர். எங்கள் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ குரலில் பாடுகிறவர். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான்."

விருந்துக்குக் கொண்டுவந்த ஜெல்லோ இனிப்புக் கிண்ணத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி கனிவாகக் கேட்டார் — உங்கள் குடும்பம் எப்போது கிறிஸ்தவத்துக்கு வந்தது?

"எங்கள் ஊரில் கோயில் கட்டினபோது கலிபோர்னியா அமெரிக்காவோடு சேர்ந்திருக்கவே இல்லை, மேடம்."

மரியாதையாகத்தான் சொன்னேன்.

திரும்பி வரும்போது காரில் மிஸ்டர் ஹோவர்ட் மனம் வருந்தி, "ஐ ஆம் சாரி, சன். அடுத்த வாரத்துக்குள் சரிசெய்துவிடுகிறேன்" என்றார். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

சனிக்கிழமை ஜாய்ஸ் ஆன்ட்டி வீட்டில் கதையைச் சொன்னேன். ஆன்ட்டி மெட்ராஸ்காரர், இங்கே நர்ஸ். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "விசா லெட்டர் அவர் கையிலதானே இருக்கு தம்பி? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. உங்க வீட்ல யானை இருக்கான்னு வார்டுல கேப்பாங்க. கிரீன் கார்டு வர்ற வரைக்கும், ஆமா இருக்குன்னு தலைய ஆட்டினேன் நானு."

இங்கேயே பிறந்த அவருடைய எட்டு வயது மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டஸ் யுவர் மாம் நோ?" என்றாள். அம்மாவுக்குத் தெரியுமாவாம்! தெரியாது. எப்படிச் சொல்வது? சிரித்தது எனக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறவளிடம்...

பரிதாபத்தில் ஒரு வசதி இருக்கிறது. பரிதாபப்படுகிறவர் எதிராளியின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? பாளையங்கோட்டையில் படித்தபோது மலைவாழ் ஜனங்களின் படங்களை சர்ச் நோட்டீஸ் போர்டில் நானே ஒட்டியிருக்கிறேன். அதில் ஒருவர் பெயராவது எனக்குத் தெரியுமா? அவர்கள் பிள்ளைகள் யாராவது அந்த போர்டைப் பார்த்திருந்தால்?

போன புதன் லிவர்மோர் சர்ச்சில். மலையைத் தாண்டிக் காரில் போனோம். சரிசெய்துவிட்டேன் என்று மிஸ்டர் ஹோவர்ட் சொன்னார். நானும் நிம்மதியாக ஜிப்பாவில் உட்கார்ந்தேன்.

பதினாலாவது ஸ்லைடு. அம்மா இல்லை. அதே பம்பு, வேறு குடம். செல்லத்தாய் அக்கா!

எங்கள் அடுத்த வீடு. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கிறவர். அம்மா டைபாய்டில் படுத்திருந்தபோது ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் சுமந்தவர். மிஸ்டர் ஹோவர்ட் அதே உருக்கத்தோடு, அதே வாசகத்தைத் தொடங்கினார். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டவும் செய்தார். இவர் கிறிஸ்தவர் இல்லையே, இனி உனக்கு என்ன குறை என்பது போல.

முந்தின வாரம் சொன்ன பதில் இங்கே செல்லாது. ஆல்ட்டோ கிடையாது, பழைய கோயில் கிடையாது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் கையெழுத்து நிச்சயம். ஜாய்ஸ் ஆன்ட்டி சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

செல்லத்தாய் அக்காவுக்கு அமெரிக்காவில் பிள்ளை கிடையாது. கையெழுத்து போனால் போகட்டும் என்று மறுபடியும் எழுந்து நின்று, அவர் பெயரைச் சொன்னேன்.